ஒன்பது பேருக்கான ஷாக் அப்சர்பர்

1

மண்ணெண்ணெயில் மீன் வறுத்தது போல ஒரு நாற்றம். சனிக்கிழமை காலை, ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தின் தெற்குப் புறநகரில், என் வீட்டு வண்டிக் கொட்டகையின் கதவைத் தூக்கியதும் முகத்தில் வந்து அறைந்தது. குனிந்து பார்த்தேன். பின்பக்க இடது ஷாக் அப்சர்பர் கசிந்து, துடைத்து வைத்த சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் படிந்திருந்தது. இந்த நாற்றம் எனக்குப் புதிதில்லை. கச்சிராயபாளையத்தில் என் தம்பி சவரிமுத்துவின் சட்டையில், தலையணையில், தலை துவட்டும் துண்டில் பதினேழு வருடமாகக் குடியிருப்பது இதுதான்.

எண்ணெய் ஒன்றுதான். ஒழுகிய காரணம் வேறு. அவனுடைய ஜீப் கல்வராயன் மலைமேல் தார் ரோடு முடிந்த பிறகும் ஏறுகிறது, அதனால் ஒழுகும். என்னுடையது மளிகைக் கடைக்கும் மாதா கோவிலுக்கும் போய்வந்து, மீதி நேரம் சும்மா நின்று, உள்ளே ரப்பர் காய்ந்து ஒழுகியிருக்கிறது. உழைக்காமலே வியர்த்த வண்டி.

ஊரிலிருந்து இதை வாசிக்கும் நீங்கள் இந்த நாட்டு வண்டிகளைப் பார்க்க வேண்டும். கணுக்கால் தண்ணீரைக்கூடக் கடக்காத வண்டிக்கு ஆறு தாண்டுவதற்கான மூச்சுக்குழாய், யானைத் தும்பிக்கை மாதிரி கூரை வரை. மணலில் சிக்கினால் டயருக்கு அடியில் கொடுக்க ஆரஞ்சு நிறப் பலகைகள்; வாங்கிய நாளிலிருந்து அவற்றில் ஒரு மணல் துகள் ஒட்டியதில்லை. முன்னால், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்க இரும்புக் கம்பி சுற்றிய ராட்டினம். இத்தனையும் சுமந்துகொண்டு அது பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தையை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறது. இப்படி வண்டி வைத்திருக்கும் எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். பாலைவனத்தைப் பற்றிப் பேசுவோம். பேசுவதற்கு நல்ல காப்பிக் கடையாக இருக்க வேண்டும், நிழலும் வேண்டும். ஒற்றைக் குழாயா இரட்டைக் குழாயா, வாயுவா எண்ணெயா என்று ஷாக் அப்சர்பரைப் பற்றி இரண்டு மணி நேரம் தர்க்கம் நடக்கும். பக்கத்து மேசைக் கிழவிகள் எழுந்து போய்விடுவார்கள். புத்திசாலிகள்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு கவிதைப் புத்தகம் போட்டவன், செம்மண்ணைப் பற்றி எழுதி எழுதியே காகிதத்தைச் சிவப்பாக்கியவன், இங்கே வண்டி கழுவும் திரவத்தில் நுரை அதிகம் வருவது எது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஷாக் வாங்குவதற்குக் கடையில் ஒரு படிவம் தருவார்கள். வண்டியில் எப்போதும் என்ன எடை இருக்கும், எப்படிப்பட்ட பாதை, மாதத்தில் எத்தனை நாள். அதைப் பார்த்துத்தான் உள்ளே வால்வை அமைப்பார்கள். எங்கள் சங்கத்தில் இந்தப் படிவத்தில் உண்மை எழுதிய ஒருவன் இல்லை. எல்லோரும் தண்ணீர்ப் பீப்பாய், கூடாரம், உதிரி டயர், கொடும்பாறை என்று ஏற்றி எழுதுவார்கள். நான் "பாலைவனம், மாதம் இருமுறை" என்று எழுதினேன். அதனால்தான் காலியாகப் போகும் என் வண்டி, தெருவின் வேகத்தடையில் ஏறினால் மரக்கட்டில் மாதிரி இடிக்கிறது.

கசிவைச் சொன்னதும் கடையிலிருந்து அதே படிவத்தைத் திரும்பவும் அனுப்பியிருக்கிறார்கள். அது மேசைமேல் கிடக்கிறது. போன வருடம் அதைத் தம்பிக்காக நிரப்பிய கதையை எழுதிவிட்டுத்தான் இதைத் தொடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

சவரி என்னைவிட ஆறு வயது இளையவன். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை, அங்கிருந்து பஸ் போகாத உள் ஊர்கள் என்று ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். போன வருடம் அவனுடைய இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் தட்டு நசுங்கி நரம்பை அழுத்துகிறது, வண்டியின் குலுக்கல் நிற்காவிட்டால் கால் போய்விடும் என்று சொல்லிவிட்டார். இடது கால் என்றால் கிளட்ச். கொண்டைஊசி வளைவில், சரிவில், கிளட்ச் மிதித்திருக்கிறதா இல்லையா என்று காலுக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவன் மனைவி புஷ்பாதான் போனில் சொன்னாள். சவரி பக்கத்தில் இருந்துகொண்டு, "ஒண்ணும் இல்லணா, கால் தூங்குது, எழுப்பிக்கறேன்" என்றான்.

"வண்டியை வித்துடுடா."

"வித்துட்டு? மரவள்ளி ஆலையில மூட்ட தூக்கவா? அதுக்கு முதுகு வாணாமா?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளை அவன் எப்போதும் சிரித்துக்கொண்டே கேட்பான்.

ஊரில் அவன் மாட்டுகிற ஷாக்குகள் நாலு மாதம் தாங்காது. நல்ல பேர் ஒட்டிய போலிகள். இரண்டு மழைக்குப் பிறகு வெறும் குழாய். அப்போதுதான் என் மூளையில் அந்த வெளிச்சம் அடித்தது. காப்பிக் கடையில் இரண்டு மணி நேரம் பேசிய என் ஞானம் கடைசியில் ஒரு மனிதனுக்குப் பயன்படப்போகிறது. நான் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். சொல்லும்போது என் குரலில் இருந்த கனத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கடைக்காரர் கிரெக் அவர் வேலையில் கெட்டிக்காரர், பேச்சு குறைவு. கல் தெறிக்கிற பாதை என்றதும் ஒற்றைக் குழாய் வகையை ஒதுக்கினார். அதன் மேல்தோல் ஒரு கல்லில் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். தடித்த இரட்டைக் குழாய், எண்ணெய் நிறையப் பிடிப்பது, வாயு அடைக்காதது. அப்படியென்றால் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோவதிலும் தொல்லை குறைவு என்றார். அடுத்ததாக நீளம் கேட்டார். சக்கரம் தொங்கும்போது எவ்வளவு, அமுங்கும்போது எவ்வளவு.

சவரியால் குனிய முடியவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கிய ஜீப்புக்கு அடியில் படுத்து அளவெடுத்தது புஷ்பா. பிளவுஸ் தைக்கிறவள், தன் டேப்பையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வண்டிக்கு அடியிலிருந்து போனில் கேட்டாள்:

"லூஸ் விட்டுச் சொல்லட்டுமா, கரெக்டா சொல்லட்டுமா மாமா?"

"கரெக்டா சொல்லும்மா. ஜீப்பு இனிமே குண்டாகாது."

அவள் தந்த அளவில் கால் அங்குலம்கூடத் தப்பில்லை. இந்தக் கதையில் சரியாக வேலை செய்த ஒரே ஆள் அவள்தான்.

3

எடை மட்டும் பாக்கி. படிவத்தை நிரப்பியது என் மகள் ரீனா. இங்கேயே பிறந்தவள், பத்தொன்பது வயது. தமிழ் அவளுக்கு விருந்தாளி வந்தால் எடுக்கிற பீங்கான் தட்டு. மரியாதைப் பன்மை அதில் கிடையாது. கணினி முன்னால் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டாள். நான் பின்னால் நின்றேன்.

"சித்தப்பா, நீ எவ்ளோ கிலோ?"

"நானா? அறுவத்தி நாலு இருப்பேன் பாப்பா. எதுக்கு, என்னை எடைக்குப் போடப் போறீங்களா?"

"ஜீப்ல. எத்தனை பேர் வருவாங்க?"

ரீனாவின் விரல்கள் விசைப்பலகையில் டக்கு டக்கென்று தட்டின.

"டிரைவரைச் சேத்து ஒம்போது."

"மேல? ரூஃப்ல?"

"மேல யாரும் ஏறக் கூடாது பாப்பா. தப்பு."

"லக்கேஜ்?"

"அவங்கவங்க கைப்பை. அவ்ளோதான். ஏணா, இவ்ளோ கேள்வி கேக்கறானே, அந்தக் கடைக்காரன் எனக்குப் பொண்ணு குடுக்கப் போறானா?"

ரீனா ஒன்பது பேரைச் சராசரி எடையால் பெருக்கி எழுதினாள். நான் தலையாட்டினேன். இருபது வயது வரை அந்த ஜீப்புகளின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனவன், அப்பாவின் தோளில் ஏறிக் கூரையைப் பிடித்தவன், தலையாட்டினேன். என் மகளுக்குத் தெரியாதது நியாயம். எனக்கு?

எங்கள் ஊரில், கேட்கிறவன் கையில் தாள் இருந்தால் அதற்கு ஒரு பதில்தான். பர்மிட்டில் என்ன இருக்கிறதோ அது. கேட்பவன் அண்ணனா, ஆஸ்திரேலியாவா என்று யாரும் பார்ப்பதில்லை. தாளைப் பார்த்ததும் வாய் தானாகச் சட்டத்தைச் சொல்லும். இங்கே இவர்கள் படிவத்தில் வீரத்தை ஏற்றி எழுதுகிறார்கள். அங்கே நாங்கள் பயத்தில் இறக்கிச் சொல்கிறோம். இந்த இரண்டு பொய்யையும் அறிந்த ஒரே அறிவாளி, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

ஸ்பிரிங் எடையைத் தூக்கும். ஷாக் அந்த ஸ்பிரிங் துள்ளுவதை அடக்கும். எவ்வளவு எடை என்று சொல்கிறோமோ அவ்வளவுக்குத்தான் அடக்கும். கிரெக் ஒன்பது பேருக்கு வால்வு வைத்து மூடிக் கொடுத்தார். இனி அதைத் திறக்க முடியாது.

4

தை மாதம் லீவு போட்டுக்கொண்டு, துணிக்கு நடுவில் நாலு ஷாக்கையும் சுருட்டி எடுத்துப்போனேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

"இன்னா சார் இது?"

"ஷாக் அப்சர்பர். ஜீப்புக்கு."

"நாலு எதுக்கு?"

"ஜீப்புக்கு நாலு சக்கரம்."

"அது எனக்கும் தெரியும் சார். நம்ம ஊர்ல இல்லாத ஷாக்கா? எல்லாரும் சாக்லேட்டு கொண்டாருவாங்க." அவர் ஒன்றைக் கையில் தூக்கி எடை பார்த்தார். முகத்தில் பரிதாபம். விட்டுவிட்டார்.

ஊரில் மெக்கானிக் மாட்டிக்கொடுத்தார். அவர் பின்பக்கம் குனிந்து, ஸ்பிரிங்காக அடுக்கிய கமான் பட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார். பாரம் தாங்க இரண்டு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்ததை நான் பார்க்கவில்லை. நான் என் நாலு ஷாக்கின் சிவப்புப் பெயிண்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். சங்கத்துக்கு அனுப்ப.

மறுநாள் காலை, ஜீப்பின் முதல் நடைக்கு நானும் முன்சீட்டில் ஏறினேன். அணையைத் தாண்டும்போது பதினான்கு பேர். அடிவாரத்தில் இன்னும் நாலு. செக்போஸ்ட் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தவர்கள் கூரைமேல் ஏறினார்கள். மூட்டைகள். ஒரு வெள்ளாடு. நான் கூட்டிப் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். இறங்கும்போது எண்ணி முடித்தேன்: இருபத்து மூன்று.

வெள்ளிமலையில் தார் முடிந்தது. முதல் கல்லில் ஜீப் ஏறி இறங்கியது. இறங்கியபின் அடங்கவில்லை. எழும்பியது, விழுந்தது, இன்னும் எழும்பியது. கட்டில்மேல் குதிக்கிற குழந்தை மாதிரி. அடுத்த கல் அதற்குள் வந்துவிட்டது. கூரையிலிருந்து ஒரு குரல்:

"இன்னா சவரி, வெளிநாட்டு ஐட்டம் டான்ஸ் ஆடுது?"

"டிக்கெட் எடுத்துக்கினு பாரு மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். சவரியும் சிரித்தான். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து அரை அடி எழும்புவதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். இடி இடுப்பில் விழாமல் கையில் வாங்கிக்கொள்கிறான். அப்படி எழும்பிய நேரத்தில் இடது கால் கிளட்சின் மேல் சும்மா கிடந்தது, வேறு யாருடையதோ போல.

கடைசி ஊரில் எல்லோரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. தொடையை இரண்டு கையாலும் தூக்கி, கதவுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

5

"ஒம்போதுன்னு சொன்னியேடா."

"பர்மிட்டு ஒம்போதுதான?"

"நான் பர்மிட்டையா கேட்டேன்?"

"நீ எங்க கேட்ட? பேப்பர் கேட்டுது. பாப்பா அடிச்சிக்கினு இருந்துச்சு, டக்கு டக்குனு சத்தம் எனக்குக் கேட்டுது."

"அது ஆஸ்திரேலியாவுல இருக்கிற பேப்பர்டா."

"பேப்பர் எங்க இருந்தா இன்னாணா. ஒரு நாளைக்கு கேஸா வரும்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அங்கிருந்தே கிரெக்கைக் கூப்பிட்டு உண்மை எடையைச் சொன்னேன். ஆட்டையும் சேர்த்துச் சொன்னேன். இது பஸ்ஸா என்று கேட்டார். ஜீப் என்றேன். அந்த ஜீப்பின் இரும்புச் சட்டகத்துக்கு அந்த எடையில் ஓட்டுகிறவன் முதுகைக் காப்பாற்றுகிற ஷாக்கை யாரும் இன்னும் செய்யவில்லை, நான் விற்கவும் மாட்டேன் என்று வைத்துவிட்டார். பாலைவனமே பார்க்காத எனக்குப் பாலைவன ஷாக் விற்றவர். அவருக்கும் ஒரு எல்லை இருந்திருக்கிறது.

திரும்பும்போது கூட்டமில்லை. எங்களோடு சேர்த்து ஒன்பது பேர், தற்செயலாக. அதே கற்கள், அதே பள்ளம். ஜீப் ஒவ்வொன்றிலும் இறங்கி, மூச்சு விட்டு, அமைதியாக மேலே வந்தது. பின்னால் ஒரு பெரியவர் தூங்கிவிட்டார். சவரி முதல் நாலு பள்ளத்துக்கு வழக்கம்போல எழும்பினான். ஐந்தாவதில் எழும்ப மறந்தான். அதற்கப்புறம் எழும்பவே இல்லை. அணை தெரிகிற வளைவில் மெதுவாகக் கேட்டான்:

"அண்ணா, இது யார் வண்டி?"

அவன் வாயிலிருந்து வந்த பொய், யாரும் ஓட்டாத ஒரு ஜீப்பைச் செய்துவிட்டிருந்தது. சட்டம் சொல்கிற ஜீப். கல்வராயன் மலையில் அது அன்றுதான் முதல் தடவையாக ஓடியது.

வீட்டில் புஷ்பா தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"அப்ப ஒம்போதே ஏத்து."

"மீதி ஆளுங்கள? நீ தூக்கினு வருவியா?"

"நீ படுத்துட்டா உன்ன நான்தான தூக்கணும்."

"பதினேழு வருசமா ஏத்தினவங்க புஷ்பா. கைய தட்டினா நிறுத்துவேன். இன்னிக்கு எடம் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்லு."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அடுத்த மூன்று நாளும் இருபத்து மூன்று, இருபத்து ஒன்று, இருபத்து நாலு. ஒவ்வொரு நாளும் காலைத் தூக்கி வெளியே வைக்க நேரம் கூடிக்கொண்டே போனது. கொண்டுவந்து கொடுத்தவன் என்ற பெருமையும் போய், சொல்வதற்கு யோக்கியதையும் இல்லாமல், வாசலில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தேன். சங்கத்தில் என் சிவப்பு ஷாக் படத்துக்கு நாற்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

ரீனாவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். "ஏன் பொய் சொன்னார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பொய் இல்லை என்றேன். பின்னே என்ன என்றாள். அதற்கு ஆங்கிலத்தில் என்னிடம் வார்த்தை இல்லை. தமிழில் சொன்னால் அவளிடம் இல்லை. சரி, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

6

கடைசி நாள். மதியம் எனக்குக் கள்ளக்குறிச்சியில் சென்னை பஸ். காலை நடைக்குக் கூடப் போய்விட்டு வந்தால் மூட்டை கட்ட நேரம் இருக்கும் என்று ஏறிக்கொண்டேன். வழியனுப்பும் வேலையை ஜீப்பிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது இருவருக்கும் சௌகரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் கட்டிப்பிடிக்கிற ஆட்கள் கிடையாது.

மேலே கடைசி ஊரில் கீழே இறங்குவதற்கு இருபது பேருக்கு மேல் நின்றார்கள். கடுக்காய் மூட்டை, புளி மூட்டை, காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர். சவரி இறங்கினான். ஜீப்பைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போய், கதவில் கை வைத்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"ஒம்போது பேருதான். மீதிப் பேருக்கு மறுநடை வரேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு சத்தம்.

"இன்னா சவரி, பெரிய கேஸ் ஆயிடுச்சா?"

"அண்ணன் வந்ததும் ஆபீசர் ஆயிட்டான்பா."

"மூட்டைய எங்க தலையிலயா வச்சிக்கினு எறங்கறது? நல்லா இருப்ப போ."

அவன் காது சிவந்துவிட்டது. கையால் ஒவ்வொருவராகத் தொட்டு ஏற்றினான். முதலில் வயசானவர்கள். அடுத்து காலேஜ் பிள்ளைகள். ஆறு, ஏழு, எட்டு. கதவைச் சாத்தினான். கூரையில் ஏறப் போனவரை வேட்டியைப் பிடித்து இறக்கினான். அவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். "சாயந்தரம் வந்து திட்டு மாமா, இப்ப நேரமில்ல" என்றான்.

நான் முன்சீட்டில் இருந்தேன். நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. என் ஷாக், என் அண்ணன்தனம், என் தம்பியின் முதுகு என்று உள்ளே ஒரு கவிதை உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது. அதற்கு முதல் வரிகூடக் கிடைத்துவிட்டது. கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். கன்னம் வீங்கி, துண்டால் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். பல்லாஸ்பத்திரிக்கு. மற்றவர்கள் கத்தியபோது அவள் கத்தவில்லை. வாயைத் திறக்க முடிந்தால் கத்தியிருப்பாள். சவரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சவரி அவளைப் பார்த்தான். விரலை மடக்கி, தன்னையும் என்னையும் சேர்த்துத் திரும்ப எண்ணினான். ஒன்பதுதான்.

என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்றான்.

"ஏறுடா, போலாம். எனக்குப் பஸ் இருக்கு" என்றேன்.

அவன் என் பக்கத்துக் கதவைத் திறந்தான். அவன் மறுநடைக்காக மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது நான் சென்னை பஸ்ஸில் இருப்பேன் என்பது இருவருக்கும் தெரியும். நேரில் கடைசியாக அவன் என்னிடம் பேசியது இதுதான்:

"நீ எறங்கிக்கணா. நடந்தா முக்கா மணி நேரத்துல வெள்ளிமலை. அங்க உனக்கு நம்ம ஊரு பஸ் நிக்கும்."